இறைக்காத கிணறு

கொல்லையில் 10 அடித் தண்ணீரோடு கிணறு இருக்கிறது. நான் பக்கத்துத் தெருவில் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். புயல் கடந்த மூன்றாம் நாள் அது. கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் இரண்டு வருடத்துக்கு முன்னால் கிணற்றையே வெட்டினோம். நாள் வந்தபோது தண்ணீர் கைக்கு எட்டவில்லை. ஏன் எட்டவில்லை, அப்புறம் என்ன மாற்றினோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெட்டிய கதையையும் சேர்த்தே சொல்கிறேன். அதில் சரியாகச் செய்தவையும் உண்டு, ஒரு உயிர் மயிரிழையில் தப்பியதும் உண்டு.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. தெருவுக்கு வரும் பெரிய குழாய் உடைந்து 11 நாள் தண்ணீர் நின்றுபோனபோதுதான் கிணற்று யோசனை வந்தது. முதல் இரண்டு நாள் மேல்தொட்டியில் இருந்ததை வைத்து ஓட்டிவிட்டோம். குடிக்கிற தண்ணீர் அதன் பிறகும் எப்படியோ கிடைத்தது, யாராவது இரண்டு கேன் கொடுத்துவிடுவார்கள். கழிப்பறைக்கு ஊற்றவும், துணி அலசவும், பாத்திரம் கழுவவும், அம்மாவைக் குளிப்பாட்டவும்தான் வழியில்லை. பேரிடர் நிவாரண வேலை செய்பவர்கள் கையில் வைத்திருக்கும் ஸ்பியர் கையேடு, ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. குடிக்க, சமைக்க, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள எல்லாம் சேர்த்துத்தான் அந்த 15. எங்கள் ஐந்து பேருக்கு 75 லிட்டர். அதைத் தினமும் இடுப்பிலும் தலையிலும் சுமந்து பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும்.

ஆழ்துளைக் கிணறா, சிமெண்ட் வளையங்களை இறக்கிக் கட்டும் உறைக் கிணறா என்று வீட்டில் ஒரு மாதம் பேசினோம். ஆழ்துளை என்றால் வேலை சீக்கிரம் முடியும், அதிக இடம் கேட்காது, மேல்மண்ணின் அழுக்கும் அவ்வளவு எளிதில் உள்ளே இறங்காது. நிலத்தடி நீர் ரொம்ப ஆழத்தில் இருக்கும் இடங்களில் அதைத் தவிர வேறு வழியும் கிடையாது. ஆனால் ஆறு அங்குலக் குழாய்க்குள் வாளி இறங்காது. மோட்டார் நின்றால் எல்லாம் நின்றது. அவசரத்துக்குத்தான் கிணறு என்றால், கரண்ட் இல்லாமலும் தண்ணீர் எடுக்க முடியவேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக வாளி இறங்கும் கிணறே போதும் என்று முடிவு செய்தோம். இதே காரணத்தை நாங்களே பின்னால் மறந்துபோனதுதான் வருத்தம்.

இடம் பார்க்க நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு நீளமான கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு, சுற்று வட்டாரத்தில் உள்ள நான்கு பழைய கிணறுகளுக்குப் போய் அளந்தோம். தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில், தண்ணீர் எத்தனை அடி ஆழம், கோடை கடைசியில் எவ்வளவு இறங்கும், வெட்டும்போது என்ன மண் வந்தது என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டோம். நான்கிலும் 15 முதல் 20 அடிக்குள் தண்ணீர் இருந்தது. குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கயிற்றோடு நான்கு வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

எங்கள் மனைக்குள் எந்த மூலை என்பதில்தான் தவறு செய்யப் பார்த்தோம். சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு இடம் குறித்து வைத்திருந்தேன். குழாய் இழுக்க வசதி. கிணறு வெட்ட வந்த பெரியவர் அந்தக் குறியைப் பார்க்கவே இல்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கக்கூஸ் குழி எங்க தம்பி இருக்கு?" என்பது. காட்டினேன். குறியிலிருந்து 20 அடி. "அப்ப இங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லை முழுக்க நடக்க ஆரம்பித்தார்.

அவர் அனுபவத்தில் சொன்னதைத்தான் ஸ்பியர் கையேடும் சொல்கிறது. கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழிக்கும் நிலத்தடி நீரை எடுக்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது 30 மீட்டர், குழியின் அடிமட்டம் நிலத்தடி நீர்மட்டத்தைவிட 1.5 மீட்டராவது மேலே. மண் சரளையாகவோ பாறை வெடிப்பாகவோ இருந்தால் அதுவும் போதாது. 1854ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அந்தத் தெருவின் பம்புதான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ கணித்தார், பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் மலக்குழி அந்தக் கிணற்றிலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லாத தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது. சாவு தொடங்கும்வரை, அந்தத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று விரும்பிக் குடித்தவர்கள் இருந்தார்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

எங்கள் மனையில் 30 மீட்டர் கிடைக்கவில்லை. எங்கள் குழியையும் பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்த்ததில் அதிகபட்சம் 62 அடி, அதாவது 19 மீட்டர் கிடைத்தது. அதுவும் நிலம் கொஞ்சம் மேடாக இருந்த பக்கம். நிலத்தடி நீர் பெரும்பாலும் நிலத்தின் சரிவை ஒட்டியே நகரும் என்பதால் குழிக்கு மேட்டுப் பக்கத்தில் கிணறு இருப்பது நல்லது. தூரம் குறைவு என்பதால் அன்றே வீட்டில் ஒரு விதி வைத்தோம்: இந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. அந்த விதி இன்றுவரை மாறவில்லை.

அனுமதி வாங்குவது, தரைக்கடியில் மின்கேபிளோ கழிவுநீர்க் குழாயோ போகிறதா என்று விசாரிப்பது எல்லாம் கடப்பாரை தரையில் படுவதற்கு முன்பே முடியவேண்டிய வேலைகள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலம் பார்த்ததில் பெரியவர் சொன்னதைக் கேட்டோம். கோடை முடிந்து, மழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்கள். அப்போதுதான் நீர்மட்டம் அடியில் இருக்கும். அந்த நேரத்தில் 7 அடித் தண்ணீர் நிற்கும்படி வெட்டிவிட்டால் வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு. மழைக்குப் பிறகு வெட்டினால் 12 அடியிலேயே ஊற்று வந்துவிடும், எல்லோரும் சந்தோஷப்பட்டு வேலையை நிறுத்திவிடுவார்கள், அடுத்த கோடையில் கிணறு வெறும் குழியாக நிற்கும்.

உறை இறக்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முழு ஆழத்துக்கும் வெறும் குழி தோண்டிவிட்டு அப்புறம் உறையை அடுக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் மண் சரிந்து ஆள் புதைந்துபோவார். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, அது நெஞ்சுவரை மூடினாலே மூச்சு விட முடியாது. பெரியவர் செய்த முறை வேறு. முதல் உறையைத் தரைமட்டத்தில் வைத்து, ஆள் உறைக்குள்ளே நின்று, அதன் காலடி மண்ணைச் சுற்றிலும் சமமாக எடுக்கவேண்டும். உறை தன் கனத்திலேயே இறங்கும். இறங்கியதும் அதன் மேல் அடுத்த உறை. நாங்கள் வாங்கியது 4 அடி உள்விட்டம், ஒரு அடி உயரம், 3 அங்குலக் கனம் கொண்ட சிமெண்ட் உறைகள். ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல். வேலை செய்பவரைச் சுற்றி எப்போதும் சுவர் இருக்கும் என்பதுதான் இந்த முறையின் உயிர்.

பத்து உறை இறங்கியபோது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்த, பெரியவரோடு வேலைக்கு வந்த தம்பி, மண் இளக்கமாக இருந்த பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டார். மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நான் பதறிவிட்டேன். பெரியவர் பதறவில்லை. உயர்ந்திருந்த பக்கத்துக்குக் கீழே மட்டும் கையகல மண்ணாக எடுக்கச் சொன்னார். ஒரு கூடை, அப்புறம் காத்திருப்பு. இன்னொரு கூடை. அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து 'கிர்ர்' என்று கல் அரைபடுகிற சத்தம் கேட்டது, மொத்த உறை வரிசையும் இரண்டு விரல் அளவு நகர்ந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு உறைக்கும் நாலு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்றினோம். ஆழம் போன பிறகு சாய்ந்தால் நிமிர்த்துவது ரொம்பக் கடினமாம்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கிணற்றில் ஆட்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

16 அடியில் இருந்தோம். முந்தைய நாள் மழைத் தூறலால் வேலை நடக்கவில்லை, வாயைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தோம். காலையில் தார்ப்பாயை எடுத்ததும் அந்தத் தம்பி ஏணியில் இறங்கினார். இரண்டு நிமிடம் இருக்கும். "அண்ணே, தலை சுத்துது" என்று குரல் வந்தது. குரலே குழறியது. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கியிருந்தார், அது பெரியவரின் கண்டிப்பு. மேலே இருந்த மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். வெளியே வந்து பத்து நிமிடம் படுத்திருந்தார், உதடு வெளுத்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் குரல் கேட்டதும் ஏணியில் கால் வைத்துவிட்டேன், காப்பாற்ற. பெரியவர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நீங்களும் விழுந்தா யார் தூக்குறது?"

மூடிய குழியில் மண்ணிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். ஆக்ஸிஜன் குறைந்த காற்றுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே அது ஆபத்தான காற்று என்று வேலைத்தலப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம், ஆனால் அது 16, 17 சதவீதத்துக்கு வந்தால்தான் அணையும், அதற்குள் மனிதர் தடுமாறிவிடுவார். விஷமான கார்பன் மோனாக்சைடை அது காட்டவே காட்டாது. எரியும் வாயு இருந்தால் தீயே ஆபத்து. அன்று மத்தியானமே வாயு அளக்கும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன், காற்றூதி ஒன்றை மேலே வைத்து அதன் குழாயை அடிவரை விட்டோம். ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும், அரை மணி நேரம் காற்று ஊதி, கருவியை இறக்கிப் பார்த்து, அப்புறம்தான் ஆள் இறங்குவார். ஆள் உள்ளே இருக்கும்வரை காற்றூதியும் நிற்காது. பெட்ரோல், டீசலில் ஓடும் பம்பை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது, வாயை ஒட்டியும் வைக்கக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே இருப்பவரைக் கொல்லும்.

கிணற்றை நானே தோண்டிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், இடுப்பளவுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தெரிந்த ஆட்களை வைத்துச் செய்யுங்கள். கயிறு, காற்று, கருவி மூன்றையும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அவர்களிடம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

19 அடியில் ஊற்று வந்தது. முதலில் மண்ணின் நிறம்தான் மாறியது, வெளிர் மஞ்சள் மண் கருத்து ஈரமாகி, மிதித்த இடத்தில் கால் தடம் நிறைந்து நின்றது. பிறகு ஒரு பக்கத்திலிருந்து மணலைத் தள்ளிக்கொண்டு சின்ன சின்னக் கொப்புளங்களாக ஊற்றுக்கண் திறந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் கிணற்று வாயோரம் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள், இரண்டு காலையும் அவர்கள் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீருக்குள் இன்னும் 7 அடி தோண்டியதுதான் மெதுவான வேலை. பம்பு வைத்துத் தண்ணீரை வேகமாக இறைத்தால், வெளியே உள்ள தண்ணீர் அடிவழியாகப் பாய்ந்து மணலையும் கூட்டிக்கொண்டு உள்ளே வரும். ஒரு அடி தோண்டினால் முக்கால் அடி மணல் திரும்ப ஏறிவிடும். அதைவிட மோசம், உறைக்கு வெளியே நிலம் உள்வாங்கும். எங்களுக்குச் சுற்றிலும் ஒரு சாண் இறங்கியது. இறைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பொறுமையாகப் போனோம். 26 அடியில் நிறுத்தி, அடியில் பருமணல், அதன் மேல் சிறுஜல்லி, அதன் மேல் பெருஜல்லி என்று மொத்தம் ஒரு அடிக்குப் பரப்பினோம். மணல் மேலே கிளம்பாமல் தண்ணீர் மட்டும் ஊறி வர அது வடிகட்டி மாதிரி.

மேலே செய்யும் வேலை அடியில் செய்வதைவிட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டுக் கிணறு கெடுவது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் அழுக்கால்தான். மேல் பத்து அடிக்கு உறை இணைப்புகளைச் சிமெண்டால் பூசி, உறைக்கும் மண்ணுக்கும் இடையில் இருந்த சந்தில் குழைத்த களிமண்ணைத் திணித்து இடித்தோம். சுற்றிலும் 5 அடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிந்த சிமெண்ட் மேடை போட்டு, சிந்துகிற தண்ணீர் தோட்டத்துக்குப் போக வாய்க்கால் விட்டோம். கைப்பிடிச்சுவர் இரண்டே முக்கால் அடி.

பிறகு ஊறும் வேகத்தை அளந்தோம். இது எல்லோரும் செய்யவேண்டியது. 4 அடி விட்டக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 355 லிட்டர். 5 அடி இறைத்துவிட்டு, கயிற்றில் குறி வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். 14 அங்குலம் ஏறியது, அதாவது 400 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் ஒரு நாள் தேவையோ 75 லிட்டர். தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளுக்கும் தாங்கும் என்று அன்றே தெரிந்தது.

கிருமி நீக்க, உறையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று கணக்கு. 7 அடிக்கு 2,500 லிட்டர் என்றால் 125 கிராம் குளோரின் வேண்டும், பவுடரில் 30 சதவீதம்தான் குளோரின் என்பதால் 400 கிராமுக்குச் சற்று மேல். பழைய பவுடராக இருந்தால் வீரியம் போயிருக்கும். வாளித் தண்ணீரில் கரைத்து, கசடு படியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு இரவு விட்டு, வாசனை போகும்வரை இறைத்துக் கொட்டினோம். அதற்குப் பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி கிருமி, நைட்ரேட், புளோரைடு, ஆர்செனிக், இரும்பு. காய்ச்சினால் கிருமி சாகும், நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் நைட்ரேட்டும் புளோரைடும் ஆர்செனிக்கும் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். அதனால்தான் காய்ச்சிக் குடிக்கப்போகிறோம் என்றாலும் பரிசோதனை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், புளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. எங்களுக்கு மூன்றும் எல்லைக்குள் இருந்தன. இரும்பு கொஞ்சம் கூடுதல், தெளிவாக எடுத்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் செம்மஞ்சளாகும்.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் தவறு.

பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்ற பயத்தில் கிணற்று வாயை முழுக்க மூடும்படி ஒரே கான்கிரீட் பலகை வார்த்தேன். 4 அங்குலக் கனம், 400 கிலோவுக்கு மேல். மோட்டார்க் குழாய் போக ஒரு துளை, அவ்வளவுதான். உள்ளே நீர்மூழ்கி மோட்டார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதைத் தொடாமலே வைத்திருந்தோம். மாதம் ஒரு முறை ஓட்டுவோம் என்று பேச்சு, மூன்று மாதத்தில் அது மறந்துபோனது. அம்மா அப்போதே சொன்னார்கள்: "இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்னு சொல்லுவாங்கடா. பூட்டி வைக்கிறதுக்கு அது நகைப்பெட்டியா?" நான் காதில் வாங்கவில்லை.

புயல் வந்தது. கரண்ட் போனது, மோட்டார் போனது. பலகையை நகர்த்த முடியவில்லை. மூன்றாம் நாள் சாயந்தரம், தெருவிலிருந்து நாலு பேர் கடப்பாரையோடு வந்து நெம்பி ஒரு ஓரத்தைத் திறந்தார்கள். உள்ளிருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தண்ணீர் மேல் கருப்பாக ஒரு படலம். உறை இணைப்பு வழியாக வேர் நுழைந்து தலைமுடி போலத் தொங்கியது. குழாய்த் துளை வழியாக எப்போதோ விழுந்த ஒரு தவளை செத்து மிதந்தது. நல்ல தாம்புக்கயிறுகூட வீட்டில் இல்லை, துணி காயப்போடும் நைலான் கயிற்றை முறுக்கிக் கட்டினோம், அது உள்ளங்கையை அறுத்தது. முறை வைத்து 160 வாளி இறைத்துக் கொட்டினோம். ஏறக்குறைய 2,400 லிட்டர். நூறு வாளி தாண்டிய பிறகுதான் நாற்றம் குறைந்தது. இருட்டிய பிறகு வந்த தண்ணீர் தெளிந்திருந்தது. அன்று அதைக் கழிப்பறைக்கும் கழுவவும் மட்டும் வைத்துக்கொண்டோம். அடுத்த மூன்று நாளும் எங்கள் வீடும் பக்கத்து ஆறு வீடுகளும் அந்தக் கிணற்றில்தான் பிழைத்தோம்.

கரண்ட் வந்த வாரமே பலகையை உடைத்தேன். இப்போது இருப்பது இரண்டு பாதியாகப் பிரியும் இரும்புச் சட்ட மூடி, கொசுவலை அடித்தது. பூட்டு உண்டு, சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்குகிறது. ஒரு பாதியை அம்மாவே தூக்கிவிடுவார்கள். மேலே கப்பி, நல்ல பருத்தி வடம், கிணற்றுக்கென்று தனி வாளி. அந்த வாளி தரையில் படக்கூடாது, கொக்கியில்தான் மாட்டவேண்டும். தரையில் வைத்து, அதையே திரும்ப இறக்கினால் மண்ணின் அழுக்கெல்லாம் கிணற்றுக்குள் போய்விடும். வாளி அறுந்து விழுந்தால் எடுக்கப் பாதாளக் கரண்டி ஒன்றும் வாங்கி மாட்டியிருக்கிறேன், இரண்டு முறை உதவியிருக்கிறது.

கூடவே ஒரு அடிபம்பும் வைத்தோம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்பு தண்ணீரைத் தூக்குவதில்லை, வெளியே உள்ள காற்றின் அழுத்தம்தான் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளாது. 1643ல் இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி பாதரசக் குழாயில் கண்டுகொண்டது இதைத்தான். வால்வுக் கசிவு, குழாய் உராய்வு எல்லாம் போக நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடி. எங்கள் கிணற்றில் கோடைக் கடைசியில் தண்ணீர் 19 அடியில், பம்பின் உயரம் 2 அடி. ஆக 21. எல்லைக்கு ரொம்பப் பக்கம், ஒரு வறட்சியில் நின்றுவிடும். அதனால் சிலிண்டர் தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளும் வகையை வாங்கினோம். உறிஞ்சும் பம்பு வாங்கிவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் முதலில் கோடையில் கயிறு விட்டு அளந்து பார்க்கட்டும்.

தினமும் காலையில் தோட்டத்துக்கும் வாசல் கழுவவும் கழிப்பறைத் தொட்டிக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். ஒருநாள் விட்டால்கூட அம்மா கேட்டுவிடுவார்கள். பம்பும் ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீரும் நாறவில்லை. பம்புக்கு மாற்று வாஷர் இரண்டு, வடத்துக்கு மாற்று, மூடி இறுக்கமான டப்பாவில் பிளீச்சிங் பவுடர், இவ்வளவும் பின்கட்டு அலமாரியில். பவுடரில் வாங்கிய தேதி எழுதி ஒட்டியிருக்கிறது, ஆறு மாதத்தில் மாற்றிவிடுவோம். வருடத்துக்கு ஒரு முறை கோடை முடிவில் தூர் வாருகிறோம், அதே காற்றூதி, அதே கருவி, அதே இடுப்புக் கயிறு. மழை தொடங்கிய பின் ஒரு முறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறோம். வெள்ளம் மேடையைத் தொட்டால், கிருமி நீக்கி மறுபடி பரிசோதிக்கும்வரை அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குடிப்பதில்லை.

ஒரு நோட்டில் மாதம் ஒரு முறை நீர்மட்டத்தைப் பெரியவள் எழுதுகிறாள். இந்த மாதம் 17 அடி 3 அங்குலம். ஒன்பதாவது உறையின் இணைப்பில் மறுபடி ஒரு வேர் எட்டிப் பார்க்கிறது. தூர் வார ஆள் வரும்போது அதை வெட்டி, அந்த இடத்தைப் பூசச் சொல்லவேண்டும்.